சேறு படாத பூட்ஸ்

அன்புள்ள அண்ணனுக்கு,

அரை டிக்கெட் எழுதிக்கொள்வது. நான் நலம், அம்மா நலம். ஓவன் மட்டும் நலமாக இல்லை. காரணம் கீழே வருகிறது, நடுவில் தாவாமல் படி.

நீ போனை அணைத்துப் போட்டுவிட்டாய். என் மெசேஜெல்லாம் ஒற்றை டிக்கோடு வரிசையில் நிற்கின்றன. அதனால்தான் பேப்பர். இதை அணைக்க முடியாது!

கை நடுங்குகிறது, இனிமேல் பிரஷ் பிடிக்க முடியாது, அந்த மினியேச்சர் பொம்மைப் பெட்டியை யாருக்காவது கொடுத்துவிடு என்று அம்மாவிடம் சொன்னாயாமே. அம்மா அதைத் தூக்கிக் கதவோரம் வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மாடி வீட்டுக்காரர் வந்து எடுத்துப்போவதாகப் பேச்சு. போகும்போதும் வரும்போதும் அதில் காலை இடித்துக்கொள்கிறாள், நகர்த்த மட்டும் மாட்டேன் என்கிறாள்.

நான் அதிலிருந்து உன் வழிப்போக்கனைக் கிளப்பிவிட்டேன். முக்காடு, கைத்தடி, கட்டைவிரல் உயரம். மாதக்கணக்கில் உட்கார்ந்து அவனுக்குக் கண்ணிமை வரை வரைந்தாய். ஆனால் அவன் நிற்பது எதன் மேல்? வெறும் கறுப்பு பிளாஸ்டிக் வட்டம்! பேஸ் என்ன பேஸ், அது தரைதானே, ஹீரோவைப் பார் என்பாய். தரை இல்லாமல் ஹீரோ எங்கே நிற்பாராம்?

வீடியோ பார்த்துப் பார்த்துக் கண் பிதுங்கிவிட்டது. பார்க்கில் பொறுக்கிய மரப்பட்டையைப் பிய்த்து ஒட்டினேன். கறுப்பு அடித்தேன். தண்ணீராகக் கரைத்த பழுப்பை இடுக்கில் வழியவிட்டேன். பிறகு பிரஷைத் துடைத்துத் துடைத்து, கிட்டத்தட்ட காய்ந்தபின் வெளிர் சாம்பலை மேலாகத் தடவினேன். அண்ணா! மேடெல்லாம் பளிச்சென்று எழுந்து மரப்பட்டை மலைப்பாறையாகிவிட்டது! நான் கத்திய கத்தலில் அம்மா பாம்போ என்று ஓடிவந்தாள். காயவைத்த டீச்சக்கையைத் தூவினால் உதிர்ந்த இலை. வேர் நுனி ஒன்று, விழுந்த மரம். சுற்றிலும் தோட்டத்து மண்.

அந்த மண்தான் வில்லன். மறுவாரம் பாறைக்குப் பக்கத்தில் பச்சையாக ஏதோ தலை நீட்டியது. நான் ஒட்டியதில்லை. முளை! நிஜ முளை! மண்ணை முதலில் சுட வேண்டும் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள், நான் அந்த இடத்தை ஓட்டிவிட்டேன். உன் வார்டு நர்ஸ் அக்காவிடம் கேட்டால், "செடி, பூ, பச்சை மண்ணு எதுவும் இந்த வார்டுக்குள்ள வரவே கூடாதும்மா, கிருமி இருக்கும். நல்லா சுட்டு, வார்னிஷ் அடிச்சு மூடிக் கொண்டா, டாக்டர்கிட்ட கேட்டுப் பாக்குறேன்" என்றார். ஆகவே இரண்டாவது பேஸ். ஆகவே ஓவன். "கேக் வேகுற எடத்துல மண்ணா? நாளைக்குச் செங்கல் சுடுவியாடி?" என்று அம்மா கரண்டியோடு துரத்தினாள். அப்புறம் அதே கரண்டியால் அவளே கிளறியும் விட்டாள்.

டாக்டர் சரி சொல்லிவிட்டார்!

வழிப்போக்கனைப் புது பேஸ் மேல் நிறுத்தி, போட்டோ எடுத்து மினியேச்சர் குரூப்பில் போட்டேன். லைக் கொட்டோ கொட்டென்று கொட்டியது. அப்போது ஒரு புண்ணியவான், "பேஸ் அட்டகாசம். ஆனா ஆளு பூட்ஸ் ஏன் இவ்ளோ சுத்தமா இருக்கு? கடையிலேர்ந்து நேரா வர்றாரா?" என்று கேட்டுவிட்டான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் பெரிதாக்கிப் பார்த்தால் அவன் சொன்னது சரி. ஈர மண்ணில் நடந்து வந்தவன் காலில் ஒரு துளி சேறு இல்லை. தரை வந்ததும் பூட்ஸ் பொய்யாகிவிட்டது.

உன் ஆள் மேல் நான் கை வைக்க மாட்டேன். என் பழைய சிப்பாய் ஒருவன் மேல் சேறு பூசிப் பார்த்தேன். கை நேராகப் போகிறது, அதுதான் கோளாறு. பேன்ட்டுக்கு பார்டர் வைத்த மாதிரி வந்தது. ஒழுங்காக இருந்தால் அது சேறே இல்லை, கையை நடுங்கவிட்டுத் தெளி என்கிறார்கள் குரூப்பில். நடுங்கினேன். நடிப்பு அப்படியே தெரிந்தது.

புரிகிறதா அண்ணா? இதற்கு இப்போது உனக்கு இருக்கிற கைதான் வேண்டும்.

இந்தக் கடிதத்தோடு நர்ஸ் அக்கா ஒரு டப்பா தருவார். உள்ளே உன் வழிப்போக்கன், பிரிக்காத பழுப்பு பெயிண்ட், புது பிரஷ். முழங்காலுக்குக் கீழே எங்கே விழுந்தாலும் சரி. அலுப்பாக இருந்தால் ஒற்றைக் கால் போதும். நீ பூசியதும் அவனைக் கண்ணாடிக் கதவு வழியாக எங்களுக்குத் தூக்கிக் காட்டுவதாக நர்ஸ் அக்கா சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு துளி தெரிந்துவிட்டால் பெட்டி அலமாரிக்குத் திரும்பிவிடும். மாடி வீட்டுக்காரரை அம்மா கேக் கொடுத்துச் சமாளித்துக்கொள்வாள். மண் வாசனை கேக்.

முதல் பேஸை நான் தூக்கிப் போடவில்லை. ஜன்னலில் இருக்கிறது. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு அம்மா அதற்கு ஸ்பூனால் தண்ணீர் விடுகிறாள். முளைக்கு இலை வந்துவிட்டது. இப்போதைக்கு உன் வழிப்போக்கனுக்கு அளவான மரம். ஆனால் அது வளர்கிற வேகத்தில் ரொம்ப நாள் அளவாக இருக்காது அண்ணா. அதற்குள் அவனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு.

உன் கை நடுக்கத்தையே நம்பியிருக்கும்,
அரை டிக்கெட்