ஐந்து பாகம் ஆழம்

பங்குனி, ஞாயிறு, இரவு

இப்படி ஆகும் என்று காலையிலேயே எனக்குத் தெரியும். கடலின் நிறத்தைப் பார்த்தே ஆழம் சொல்கிறவன் நான். வெள்ளைக்காரன் கப்பலே என்னைக் கேட்டுத்தான் நங்கூரம் போட்டது.

எங்கள் படகின் நங்கூரம் பாறையில் மாட்டிக்கொண்டது. அதை எடுக்கத் தங்கச்சி மகன் செல்வம் குதிக்க நின்றான்.

"ஆழம் எவ்ளோ மாமா?"

நங்கூரக் கயிற்றை அளந்தேன். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், ஆறு அடி.

"அஞ்சு பாகம்டா. முப்பது அடி, ஒம்போது மீட்டரு. தண்ணி அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோகூட வராது. எறங்கு."

அவன் மேலே வந்தபோது இடது காதில் ரத்தம் வழிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவும் ஆழத்தைத்தான் கேட்டார். ஆழத்தோடு அழுத்தத்தையும் சேர்த்துச் சொன்னேன்; கிலோவைச் சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று மாற்றி, பதிமூன்று என்றேன். பத்தாவது தாண்டாதவன் சொன்ன கணக்கைக் கேட்க நர்சுகள் எல்லாம் கூடிவிட்டார்கள்.

"மேல இருக்குற காத்து அழுத்தம் பதினஞ்சு பவுண்டு. அதையும் சேக்கணும்" என்றார் டாக்டரம்மா. "செவிப்பறை கிழிஞ்சிருக்கு. கேக்குமான்னு இப்ப சொல்ல முடியாது."

வீட்டுக்கு வந்ததும் செல்வத்தின் இடது பக்கம் நின்று மெதுவாகக் கூப்பிட்டேன். அவன் திரும்பவில்லை. தங்கச்சி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அளந்துதானே அனுப்புன, அண்ணே?"

"இந்தக் கையாலதாம்மா அளந்தேன்."

அவள் சோறு போட்டாள். சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை. அழுகையும் வரவில்லை.

படகில் அந்தக் கயிற்றை நான் தொடவே இல்லை.