கூண்டுக்குள் ஒரு சபை வணக்கம்

இன்று காலை, பள்ளி ஆண்டு விழாவில் பிள்ளைகள் போடும் நாடகத்துக்காக உங்கள் ஒப்பனைப் பெட்டியைத் திறந்தேன். தேங்காயெண்ணெயும் அரிதாரமும் கலந்த அந்த வாடை அடித்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் மூன்று வருஷமாகிறது. வாடை மட்டும் போகவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். கல்லிடைக்குறிச்சி வாத்தியார் மகள், நாடகத்தில் ராஜபார்ட் கட்டுகிறவரோடு போய்விட்டாள் என்று படித்துறை முழுக்க அதே பேச்சு. பெண்ணைக் கடத்தியதாக என் தாய்மாமா உங்கள்மேல் கொடுத்த வழக்கு கோர்ட்டுக்கு வந்தது. உங்கள் நாடகத்துக்குக்கூட அவ்வளவு கூட்டம் வந்ததில்லை.

உங்களைக் கூண்டில் ஏறச் சொன்னார்கள். மேடையில் ஏறுகிற மாதிரியே செருப்பைக் கழற்றினீர்கள். பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டீர்கள். அதோடு விட்டிருக்கலாம். நீதிபதிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, பெஞ்சில் இருந்த சனத்தைப் பார்த்துக் கைகூப்பி நின்றீர்களே! கோர்ட்டே சிரித்தது.

"ஏலே, அங்கன திரும்புலே. இது என்ன நாடகக் கொட்டகையா?" என்று போலீஸ்காரர் அதட்டினார்.

"கூத்தாடிப் பயலுக்கு வேற என்ன தெரியும்?" என்றார் மாமா.

"மன்னிக்கணும் ஐயா. சனம் இருக்க பக்கம் திரும்பித்தான் பழக்கம்," என்றீர்கள். மூன்று தெருவுக்குக் கேட்கும் உங்கள் குரல் அன்று எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

உங்களிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அன்று கோர்ட் வாசலில் அப்பாவின் முகத்தைப் பார்த்ததுமே, வீட்டுக்குத் திரும்பிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். யாரோடு போகிறாய் என்று நீதிபதி கேட்டால், அப்பாவோடு என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அத்தனை சிரிப்புக்கு நடுவே, கூப்பிய கையை எப்போது இறக்குவது என்று தெரியாமல் நீங்கள் நின்றதைப் பார்த்தபின் என்னால் முடியவில்லை. "இவுகளோடதான் போவேன்," என்றேன்.

சில வருஷம் கழித்து, கோயில் கொடைத் திருவிழாவில் உங்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதே மாமா, "எங்க வீட்டு மாப்பிள்ளையாக்கும்," என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். "ஏட்டி, உங்க மாமாவுக்கு என்னையவிட நல்லா நடிக்க வருது," என்று வீட்டுக்கு வந்து சிரித்தீர்கள். எனக்குத்தான் கோபம் ஆறவில்லை. இன்னும் ஆறவில்லை.

சாயங்காலம் விழாவில் என்னைப் பேச மேடைக்குக் கூப்பிட்டார்கள். செருப்பைக் கழற்றினேன். பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்கள் பக்கம் திரும்பிக் கைகூப்பினேன். சிரிப்பு அடங்கும்வரை கையை இறக்கவில்லை.