கிறீஸ் மணக்க வந்த துவக்கு

என்ரை ஆசை அண்ணைக்கு,

நீங்கள் கண்மூடின பிறகு உங்கடை ஹவுன்ஸ்லோ வீட்டை ஒழுங்குபடுத்தப் போனபோது கதவடியில் ஒரு கடிதம் கிடந்தது. நீங்கள் வாங்கவெண்டு பதிஞ்சு வைத்த துவக்கு கடைக்கு வந்துவிட்டதாம். ஆமிக் களஞ்சியத்தில் கனகாலம் கிடந்த பழைய துவக்குகளை இப்ப லைசென்ஸ் உள்ள ஆக்களுக்கு விடுகினமாம். நீங்களே இல்லாத வீட்டுக்கு அது வந்து என்ன செய்ய?

அந்தச் சாமானாலைதானே நாங்கள் இரண்டு வருசம் கதைக்காமல் இருந்தனாங்கள். துவக்கு வைக்கவெண்டு சுவரில் இரும்பு அலுமாரி பூட்டின அன்றைக்கு, "துவக்கு வரப்போற வீட்டிலை நான் கால் வைக்கமாட்டன்" எண்டு கத்திவிட்டு வெளிக்கிட்டன். "கடதாசிக்குத்தான் சுடுறது, பிள்ளை" எண்டு பின்னாலை வந்தீங்கள். நான் திரும்பிப் பார்க்கேல்லை.

அதுக்கு முந்தின ஞாயிறுகளை நினைச்சுப் பார்க்கிறன். ஏர்போர்ட் ஷிப்ட் இல்லாத நாளில், எங்கையோ கிளப்புக்குப் போய்விட்டு நேரே ரெய்னர்ஸ் லேனிலை என்ரை வீட்டுக்கு வருவீங்கள். கையில் காலி பிளாஸ்க் இருக்கும். தேத்தண்ணிக்கு எண்டு நினைச்சன். சுட்டு முடிய துவக்குக் குழலைக் கழுவக் கொதிதண்ணி கொண்டு போனது எண்டு பிறகுதான் தெரிஞ்சுது. புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுவிட்டு, டிவி பார்க்கிறன் எண்டு சோபாவில் குறட்டை விடுவீங்கள். உங்களை எழுப்ப எனக்கு மனம் வராது.

ஆஸ்பத்திரிக்கு நான் ஓடி வந்தபோது நீங்கள் கதைக்கிற நிலைமையில் இல்லை. நான் கையைப் பிடிச்சது உங்களுக்குத் தெரிஞ்சுதோ?

துவக்கு வேண்டாம் எண்டு சொல்லத்தான் கடைக்குப் போனனான். நீங்கள் சுடப் போற கிளப்பின்ரை செயலாளர், ஜோன் எண்ட மனுசி, தன்ரை காரில் கூட்டிக்கொண்டு போனா. கடைக்காரர் பெட்டியைத் திறந்து, கிறீஸ் பூசின கடதாசியை விரிச்சார். ஊரிலை ஆமிக்காரர் கிட்ட வந்தால் அடிக்கிற அதே மணம் அடிச்சதும் எனக்குக் கைகால் நடுங்கத் தொடங்கிவிட்டுது. ஜோன் என்னை வெளியில் கொண்டுவந்து வாங்கில் இருத்தினா.

"உன் அண்ணாவும் முதல்நாள் இப்படித்தான் நடுங்கினார்" எண்டு இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னா. "பதினேழு வயதில் ஊரில் பாண் வாங்கிக்கொண்டு வந்த வழியில், ஒரு சிப்பாய் அவரை முழங்காலில் இருத்திப் பிடரியில் துவக்கை வைத்தானாம். அந்தப் பயத்தை ஒருநாள் தன் கையாலேயே இறக்கி வைக்க வேண்டும் என்றார்."

அண்ணை, அந்தக் காலமை எனக்கு நல்ல ஞாபகம். முழங்கால் இரண்டும் உரஞ்சி வந்தீங்கள். சைக்கிளாலை விழுந்திட்டன் எண்டீங்கள். நான்தான் மருந்து போட்டனான். பாண் நசியாமல் இருந்ததை அப்ப யோசிக்கேல்லை.

ஏன் எனக்குச் சொல்லேல்லை? நான் றோட்டுக்குப் போகவே பயப்பிடுவன் எண்டோ? இத்தனை வருசத்துக்குப் பிறகுமோ?

கண்ணைத் துடைச்சுக்கொண்டு திரும்ப உள்ளுக்குப் போனன். கிளப்பின்ரை லைசென்ஸில் அதை வைத்திருக்க ஏலுமோ எண்டு ஜோனைக் கேட்டன். ஓம் எண்டா. "அப்ப நீங்களே வைச்சிருங்கோ. பயத்தோடை ஆரும் வந்தால், அவையளுக்கு முதலிலை இதைக் குடுங்கோ" எண்டன்.

வாற ஞாயிறு கிளப்பிலை அது முதல்தரம் சுடப்படுமாம். நான் போறன், அண்ணை. தொட ஏலுமோ தெரியாது. ஆனால் சத்தம் கேட்டு எழும்பி ஓடாமல், கடைசி வெடி வரைக்கும் இருப்பன். இது உங்களுக்குத் தாற வாக்கு.

உங்களுக்குப் பிறகு பிறந்த ஒரே தங்கச்சி,
வசந்தி