அம்மா போட்ட லைக்

வெள்ளவத்தை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள தம்பி ஜனாவுக்கு,

நீயும் நிரோஷாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்கவேண்டும் என்று அம்மா தினமும் விளக்கு வைத்துக் கும்பிடுகிறார். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. முறைப்படி எழுதிவிட்டேன். மிச்சத்தை இருந்து வாசி.

நமசிவாயம் மாமா ரொறொன்ரோவுக்கு வருகிறார். அவருடைய பெட்டியில் உனக்கு இரண்டு பை மிளகாய்த்தூளும் கொஞ்சம் பருத்தித்துறை வடையும் அனுப்புகிறேன். அதற்குள்தான் இந்தக் கடிதத்தையும் வைத்திருக்கிறேன். வட்ஸ்அப்பில் எழுதியிருக்கலாமே என்று கேட்பாய். வட்ஸ்அப்பில் எழுதினால் நீ அதைப் படம்பிடித்து பேஸ்புக்கில் போட்டு, ஊரைக் கூட்டித் தீர்ப்புக் கேட்பாய். கடதாசியையும் படம்பிடிக்கலாம்தான். ஆனால் என் கையெழுத்தை வாசிக்கிற பொறுமை உன்னுடைய ஆட்களுக்கு இராது.

இந்த முறை தூள் கொஞ்சம் கருகல். கோபிக்காதே. வழக்கமாக அம்மா கதிரையில் இருந்து சொல்லச் சொல்ல, எதிர்வீட்டு ஷபீகாதான் மிளகாயும் மல்லியும் வறுப்பாள். அவளுடைய கணவர் நபீஸ் தன் வான் வண்டியில் மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்துக்கொண்டு வருவார். 'எங்கட ஊர்த் தூளின்ட ருசி வேற எங்கயும் வராது' என்று நீ போன வருடம் நண்டுக்கறியோடு படம் போட்டாயே, அது ஷபீகா வறுத்த தூள். இந்த முறை நானே வறுத்தேன். பாதியில் புகை கிளம்பி, அம்மா இருமத் தொடங்கிவிட்டார்.

ஏன் ஷபீகா வரவில்லை என்று அம்மா கேட்டார். தினமும் கேட்கிறார். அவள் பின்னேரத்தில் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிற நேரத்துக்கு, முன்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு இருக்கிறார். எதிரே அவர்களுடைய கதவு பூட்டிக் கிடக்கிறது. கடையில் வேலை கூடவாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். எனக்கு இந்தப் பொய்யைச் சொல்லிச் சொல்லி வாய் புளித்துவிட்டது.

அம்மாவின் கண் எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியும். இரண்டிலும் வெள்ளை விழுந்து, எழுத்து ஒன்றும் தெரிவதில்லை. முகங்கள் மட்டும், அதுவும் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனால். நீ வாங்கி அனுப்பிய, பெரிய போன் மாதிரியான டெப்பைக் காலையில் சாமி கும்பிட்ட கையோடு எடுப்பார். பேஸ்புக்கில் உன்னுடைய வட்ட முகம் எங்கெங்கே வருகிறதோ அங்கெல்லாம் ஒரு இதயம் போடுவார். விரலைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் இதயம் வரும் என்று பழக்கிக்கொடுத்தது ஷபீகாவின் மகள் நுஹா. 'பிள்ளை தூரத்தில இருக்கிறான். அம்மா பாத்தவ எண்டு அவனுக்குத் தெரியவேணும்' என்பார். நீ கார் வாங்கியதற்கும் இதயம். பனியில் விழுந்து கை முறிந்ததற்கும் இதயம். நானும் ஷபீகாவும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன். அம்மாவின் பிறந்தநாளுக்குச் சேலை எடுக்க நபீஸின் பிடவைக்கடைக்குப் போனோம். காலி வீதியில், கடை வாசலில் அம்மாவை நிற்கவைத்து நான்தான் படம் எடுத்தேன். படி உயரம் என்று ஷபீகா பக்கத்தில் நின்று அம்மாவின் முழங்கையைப் பிடித்திருந்தாள். மேலே கடையின் பெயர்ப்பலகை. அதை உனக்கு அனுப்பினேன். 'அம்மா நல்ல வடிவு' என்று பதில் போட்டாய்.

பிறகு கிழக்கு மாகாணத்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் ஏதோ காணிப் பிரச்சினை வந்தது. யார் சரி, யார் பிழை என்று எனக்குத் தெரியாது. உனக்கு ஸ்காபரோவில் இருந்தே தெரிந்திருக்கிறது. 'எங்கட காசு எங்கட கடைக்கு' என்று ஒரு பக்கம் முழுக்க எழுதி, வெள்ளவத்தையில் தமிழர் இனிமேல் முஸ்லிம் கடைகளில் வாங்கக்கூடாது என்று முடித்திருந்தாய். அதற்கு ஒரு படம் தேவைப்பட்டது. நான் அனுப்பிய படத்தை எடுத்து, அம்மாவை வெட்டிவிட்டு, கடையைப் போட்டாய்.

வெட்டுகிறவன் வடிவாக வெட்டியிருக்கலாம். படத்தின் கீழ் ஓரத்தில் ஒரு முழங்கையும் அதைப் பிடித்திருக்கிற கையும் அப்படியே மிஞ்சிக் கிடக்கின்றன. ஷபீகாவுக்குத் தன் கை தெரியாதா?

அடுத்த நாள் காலையில் அம்மா வழக்கம்போல டெப்பை எடுத்தார். உன் முகம் தெரிந்தது. அழுத்திப் பிடித்தார்.

தம்பி, ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு அந்தக் கடைக்கு ஆட்கள் வராமல் போன காலம் ஒன்று இருந்தது. அப்போதும் இதே மாதிரித்தான் எழுதினார்கள், வேறு பாஷையில். அப்போது அம்மாவுக்குக் காலும் நல்லாயிருந்தது. தினமும் போய்க் கடை வாசலில் கதிரை போட்டு இருப்பார். வாங்க ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு நூல்பந்தாவது வாங்கிக்கொண்டு வருவார். எங்கள் வீட்டு மேசை லாச்சியில் இன்றைக்கும் அந்த நூல் கிடக்கிறது. அப்படி இருந்த மனுஷியின் பெயர்தான் உன்னுடைய எழுத்துக்குக் கீழே இதயத்தோடு நின்றது.

நான் ஷபீகாவிடம் போனேன். வாசலில் நிற்கவைத்துக் கதைத்தாள். இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. எழுத்துக் கண்ணுக்குத் தெரியாமல்தான் அம்மா அதைப் போட்டார் என்று சொன்னேன். அது தனக்கும் தெரியும் என்றாள். 'கடைய பத்தி எழுதினதுக்கு எனக்கு கவல இல்ல, உஷாந்தி. அது பழகிப் போச்சி. ஆனா ஆன்ட்டிட பேர் அதுக்கு கீழ ஈந்திச்சி. தெரிஞ்சும் மனசு ஆறுதில்ல' என்று சொன்னாள். கலியாணச் சேலைக்குச் சொல்லிவைத்திருந்த ஒரு வீட்டார் வேண்டாம் என்றுவிட்டார்களாம். யாரோ பெடியள் வந்து கடைக்கு முன்னால் நின்று வீடியோ எடுத்தார்களாம். நபீஸ் இப்போது படியில் என்னைக் கண்டால் தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். ஒரு சொல் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அன்றைக்கே டெப்பை எடுத்து அம்மாவின் இதயத்தை நான் கழற்றினேன். பயனில்லை. நீ முந்திவிட்டாய்.

உன்னோடு ஒரு வாரமாகச் சண்டை பிடித்த கொட்டாஞ்சேனை ரெனால்ட் என்பவரை உனக்கு நினைவிருக்கும். 'அண்ணே, வெள்ளவத்தையில் இருக்கிறவர்களைக் கேட்டுவிட்டா எழுதினீர்கள்?' என்று மரியாதையாகத்தான் அவர் தொடங்கினார். கடைசிவரையில் மரியாதையாகத்தான் எழுதினார். நீ அவருக்கு என்ன எழுதினாய்? வெள்ளவத்தையில் இருக்கிற என் அம்மாவே லைக் போட்டிருக்கிறா, பார் என்று அம்மாவின் பெயருக்கு வட்டம் கீறிப் படம் போட்டாய். அதை எத்தனையோ பேர் எடுத்துப் பரப்பினார்கள். எங்கள் மாடிக்காரரின் வட்ஸ்அப் குறூப்புக்கும் வந்தது. அதோடும் விடவில்லை. 'உன்னைப் பெத்தவளிட்டப் போய்க் கேளடா, நீ ஆருக்குப் பிறந்தனி எண்டு' என்று எழுதினாய். அதற்குக் கீழே உன் ஆட்கள் கைதட்டினார்கள்.

அந்த ரெனால்ட் நான்தான்.

என் பெயரில் எழுதினால் அக்காவும் தம்பியும் சந்தியில் நின்று சண்டை பிடிப்பதாகிவிடும், உன் மரியாதை போய்விடும் என்று நினைத்துத்தான் அந்தப் பெயரை வைத்தேன். உன் மரியாதையை நான் பார்த்த அளவுக்கு நீ பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால், போகப் போக எனக்கும் அதில் ஒரு ருசி வந்துவிட்டது. பஸ்ஸில் வரும்போதும் உனக்கு என்ன பதில் கொடுப்பது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். உன்னை வாயடைக்க வைக்கவேண்டும் என்று இருந்தது. நீ பிறத்தியான் ஒருவனோடு எப்படிக் கதைப்பாய் என்று தெரியவந்ததுதான் மிச்சம்.

புதுக்கடைக் கோர்ட்டுக்குப் பக்கத்தில், நான் வேலை செய்கிற லோயரின் கந்தோரில் நாள் முழுக்கப் பார்ப்பது சண்டைதான். காணி, தாலி, கடன் என்று பகையாளிகள் வருவார்கள். அவர்களும் உள்ளே போய் நீதவானுக்கு முன்னால் அடித்துக்கொண்டுவிட்டு, வெளியே வந்து ஒரே கடையில் பிளேன்டீ குடிப்பார்கள். எதிரியின் முகம் முன்னால் இருப்பதால் நாக்கைக் கொஞ்சம் அடக்குகிறார்கள். உனக்கு முன்னால் போனின் கண்ணாடிதான் இருக்கிறது.

'ஆருக்குப் பிறந்தனி' என்று நீ எழுதியதை அப்பாவின் மாலை போட்ட படத்துக்குக் கீழே இருந்துதான் வாசித்தேன். சண்முகலிங்கம் மாஸ்டரின் மகன் எழுதியதை அவருடைய மகள் வாசித்தாள். வாசித்து முடிக்கும்போது கண்டேன், அதற்கும் ஒரு இதயம் விழுந்திருந்தது. அம்மா உன் முகத்தைத் தேடி அங்கேயும் வந்திருக்கிறார்.

நீ கேட்கச் சொன்னாய். நேற்று அம்மாவின் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு கேட்டேன். 'அம்மா, என்னைப் பெத்தது ஆர்?' 'நான்தான், வேற ஆர்? உனக்கென்ன விசரே?' என்றார். பிறகு என் எண்ணெய்க் கையைப் பிடித்து நிறுத்தி, 'ஏன் பிள்ளை, ஆரும் ஏதும் சொன்னவையோ?' என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன்.

இனி உனக்கு நான் சொல்ல வந்தது. பேஸ்புக்கில் மன்னிப்பு எழுதி அதற்கும் கைதட்டு வாங்காதே. முதலில் அந்தப் படத்தையும், எழுதினவற்றையும் எடு. பிறகு ஷபீகாவுக்கு போன் பண்ணு. அவளுடைய நம்பர் உன்னிடம் இருக்கிறது. அம்மா குளியலறையில் விழுந்து, லிப்டும் வேலை செய்யாமல், நபீஸ் கதிரையோடு தூக்கி இறக்கின அன்று நீ அழுதழுது எடுத்த அதே நம்பர். அரசியல் ஒன்றும் கதைக்கவேண்டாம். படத்தில் அம்மாவை வெட்டினது நான் என்று மட்டும் சொல். அவள் கதவைத் திறப்பாளோ தெரியாது. திறக்காவிட்டால் அதைக் கேட்க எங்களுக்கு வாயில்லை.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது, அதை மறக்காமல் எழுதச் சொன்னார் அம்மா. அம்மாவுக்கு இரத்தத்தில் சீனி இறங்கியிருக்கிறது. வருகிற மாதம் கண் ஒப்பரேஷனுக்கு நாள் கொடுத்துவிட்டார்கள். இரண்டு கிழமையில் நல்ல தெளிவாக வாசிக்கலாம் என்று டொக்டர் சொன்னதில் இருந்து அம்மாவுக்குக் கால் நிலத்தில் இல்லை. கண் தெளிந்தவுடன் தான் செய்யப்போகிற முதல் வேலை, ஜனா எழுதினதெல்லாவற்றையும் தொடக்கத்தில் இருந்து ஒன்றுவிடாமல் வாசிப்பதாம். மாடியில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நான் டெப்பை ஒளித்துவைக்கப் போவதில்லை, தம்பி.

நீயும் உன் பிள்ளைகளும் நீண்ட ஆயுளோடு நல்லாயிருக்க வேண்டும். இது அம்மாவின் வாயால் வந்த ஆசீர்வாதம், ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னோடு கூடப்பிறந்த அக்கா,
உஷாந்தி