அம்மனுக்கு வைத்த பாலில் மொசரெல்லா

அன்புள்ள அண்ணன் பகலவனுக்கு,

நாங்கள் இங்கே நலம், பெங்களூரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாய் இருக்க வேண்டும் என்று முன்பக்கத்தில் இருப்பது அம்மா சொல்லி நான் எழுதியது. போனில் பேசினால் அம்மாவுக்குப் பாதி மறந்துபோகிறதாம். இந்தப் பின்பக்கம் அம்மாவுக்குத் தெரியாது. எல்லோரும் தூங்கியபிறகு டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன், எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

நீ வேலை பார்க்கும் பீட்சா கடையில் போடும் மொசரெல்லா சீஸ் ரப்பர் மாதிரி இருக்கிறது, ருசியுள்ளது கிடைத்தால் வேலையை விட்டுவிட்டு நம் கரியாலூரில் சொந்தக் கடை போடுவேன் என்றாய் அல்லவா. அது எருமைப்பாலில் செய்வதாம், அப்பா போனில் பார்த்தேன். நம் எருமைதான் கன்று போட்டிருக்கிறதே, விடுவேனா. முதல் தடவை வழக்கம்போல் பாலைப் பொங்கக் காய்ச்சிவிட்டேன், திரிந்து உதிர்ந்ததே தவிர இழுபடவில்லை. காய்ச்சாத பால்தான் வேண்டுமாம். நம் வீட்டில் அம்மா அடுப்பில் ஏற்றாமல் விடுவது, கன்று போட்ட பதினோராம் நாள் அம்மனுக்கு ஊற்றும் பச்சைப்பால் ஒன்றைத்தான். அதை எடுத்துக்கொண்டு, சொம்பில் சங்கராபுரத்துப் பாக்கெட் பாலை ஊற்றி வைத்துவிட்டேன். அம்மா பக்தியாய் அதைத்தான் அம்மனுக்கு ஊற்றிவிட்டு வந்தாள். நான் எலுமிச்சம்பழம் பிழிந்து, திரண்டதை வெந்நீரில் போட்டு இழுத்து இழுத்து இரண்டு உருண்டை பிடித்தேன். விரலெல்லாம் சிவந்துவிட்டது. ஆனால் ருசி இருக்கிறதே அண்ணா, முதலில் லேசான புளிப்பு, அப்புறம் வெண்ணெய், மென்று முடித்தபின் பச்சைப்புல் வாசம்.

மறுநாளே எருமை பால் சொம்பை உதைத்துக் கவிழ்த்துவிட்டது. "அம்மனுக்கு இன்னா கொற வச்சோம்னு தெரியலயே" என்று அம்மா புலம்புகிறாள். "நீ ஊத்துன பால்ல தண்ணி ஜாஸ்தியா இருந்திருக்கும்" என்று அப்பா சிரிக்கிறார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை பூசாரியிடம் குறி கேட்கப் போகிறார்கள், நானும் கூட வரவேண்டுமாம்.

காலையில் பெங்களூருக்குக் கிளம்பும் சுப்புராயன் மாமா கொண்டுவரும் பையில், வடகத்துக்கு அடியில் ஒரு டப்பாவில் ஒரு உருண்டை இருக்கிறது. தின்றுபார். உடனே அம்மாவுக்குப் போன் போட்டு, நான்தான் செய்யச் சொன்னேன் என்று சொல்லிவிடு. உன்னைத் திட்ட அம்மாவுக்கு மனசு வராது, விளக்குமாறும் அவ்வளவு தூரம் எட்டாது. இன்னொரு உருண்டையை நேற்றுச் சாயங்காலம் அம்மன் காலடியில் இலைபோட்டு வைத்துவிட்டு வந்தேன். இன்று போய்ப் பார்த்தால் இலை மட்டும்தான் கிடந்தது. அம்மன் சாப்பிட்டாளோ, நாய் சாப்பிட்டதோ, ஒரு துணுக்கும் மிச்சமில்லை. கடைக்கு இடம் பார்க்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

உனக்கு ஆசி சொல்ல எனக்கு வயது போதாது, முன்பக்கத்தில் இருக்கும் அம்மாவின் ஆசியை எடுத்துக்கொண்டு எனக்கும் கொஞ்சம் மிச்சம் வை. டப்பாவைத் தொலைத்துவிடாதே, அது என் பள்ளிக்கூட டப்பா.

இப்படிக்கு,
வெள்ளிக்கிழமை வரையாவது உயிரோடிருக்கும் உன் தங்கை,
செந்தமிழ்ச்செல்வி