புட்டியின் மாத்திரையும் உன் மாத்திரையும்

இன்று காலை மாத்திரையைப் பாதியாக உடைத்ததும் அந்த நாற்றம் வந்தது. அழுகின முட்டைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஒரு நாற்றம் என்று நீ மூக்கைப் பொத்துவாய். நம் லைன் வீடுகளின் பொது நாய் புட்டிக்கு இந்தத் தடவை காதில் சீழ். அதே மருந்தைத்தான் டாக்டர் எழுதியிருக்கிறார். உன் வீட்டில் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள். நீ செத்த பிறகு மனசுக்குள்கூட உன்னோடு பேசக் கூடாது என்றுதான் இருந்தேன். அவ்வளவு கோபமடி எனக்கு.

அந்தக் காலை நினைவிருக்கிறதா? நாம் இருவரும் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். சண்டையில் கடிபட்டுத் தொடை புண்ணாகி, புட்டி மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். தெருநாய்க்கு வைத்தியமா என்று கேட்டவர்களின் வாயை அடைத்துவிட்டு, நீதான் அதை ஆட்டோவில் தூக்கிப்போய்க் காட்டியிருந்தாய். வாசலெல்லாம் வாந்தி. எச்சில் ஒழுக, எழுந்திருக்க முடியாமல் சுவரோரம் கிடந்தது. "ஏ புள்ள, நான் சரியாத்தானே குடுத்தேன்?" என்றாய்.

எதிர்வீட்டுக் கன்னட ஆன்ட்டி ஓடிவந்தார். "அய்யோ, நானூ மாத்ரே கொட்டே" என்று தலையில் கை வைத்தார். தன் வீட்டுக்காரரின் பல்வலிக்கு வாங்கி மீந்த மாத்திரையைப் பாவம் பார்த்து அவரும் கொடுத்துவந்திருக்கிறார். நீ களி உருண்டையில், அவர் நஞ்சன்கூடு வாழைப்பழத்தில். எல்லா வாசலிலும் சாப்பிடுகிற நாய் எல்லா வாசலிலும் மருந்தும் சாப்பிட்டிருக்கிறது.

"உப்புத் தண்ணி ஊத்துங்க, எல்லாம் வெளிய வந்துரும்" என்று பின்வீட்டுக்காரர் சொம்போடு வந்தார். நீ குறுக்கே விழுந்தாய். "யாரும் ஒண்ணும் ஊத்தாதீங்க. டாக்டரைக் கேக்காம எதுவும் வேண்டாம்." ஆன்ட்டி மேல் உனக்கு ஆத்திரம் பொங்கியது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த மாத்திரை அட்டையை எடுத்துவரச் சொல்லிக் கன்னடத்தில் தன்மையாகத்தான் கேட்டாய். அவரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டாய்.

டாக்டர் இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மருந்து ஒன்றுதான், ஆனால் ஆன்ட்டியுடையது பெரிய ஆளுக்கான அளவு. புட்டியை எடை பார்த்து அவர் எழுதிக் கொடுத்ததன் மேல் இதுவும் ஏறியிருந்தது. கூடவே வலி மாத்திரை ஏதாவது போனதா, நம்முடைய வலி மாத்திரைகள் நாயின் உயிரையே எடுத்துவிடும் என்றார். ஆன்ட்டி யோசித்து, இல்லை என்றார். ட்ரிப் ஏற்றினார்கள். மருந்தை நிறுத்தி, திரும்ப எப்போது ஆரம்பிப்பது என்பதையும் அவரே சொன்னார். புட்டி வாலை ஆட்டும்வரை நீ பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அதன் பிறகு லைனில் உன் சட்டம்தான். மருந்து கொடுத்ததும் அதன் கழுத்தில் உன் மகளின் பழைய ரிப்பனைக் கட்டுவாய், அடுத்த வேளைக்குத்தான் அவிழ்ப்பாய். "யாரு வேணும்னாலும் சோறு போடுங்க. மாத்திரைக்கு ஒரே கைதான்" என்றாய். ஆன்ட்டி வாழைப்பழத்தை உரித்துக் காட்டி, உள்ளே ஒன்றுமில்லை என்று சத்தியம் செய்த பிறகுதான் போட முடிந்தது. பார்த்து நாம் சிரித்தோம்.

புண் காய்ந்ததும் போதுமே என்றேன். என்னைக் கடித்துக் குதறினாய். "மேல ஆறுன மாதிரித்தான் இருக்கும். பாதில வுட்டா உள்ள இருக்கறது திரும்பிக் கெளம்பும். டாக்டர் சொன்ன வரைக்கும் குடுத்தே ஆகோணும்." கொடுத்தும் முடித்தாய்.

அதே நீதான். உன் காலில் புண் வந்தபோது, சர்க்கரை உடம்பாச்சே, டாக்டர் கொடுத்த புண் மாத்திரையைச் சாப்பிடுகிறாயா என்று தினமும் கேட்டேன். "சாப்ட்டுட்டுத்தான் இருக்கறேன் புள்ள" என்றாய் தினமும். பெரிய ஆஸ்பத்திரியில் காலை எடுக்க வேண்டும் என்று பேசத் தொடங்கிய அன்றுதான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாய். "புண்ணு காஞ்சுருச்சு, வயித்தப் பொரட்டுச்சு, வுட்டுட்டேன்." விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். காலை எடுப்பதற்குக்கூட நேரம் இருக்கவில்லை.

புட்டிக்குக் காது காய்ந்துகொண்டு வருகிறது. நிறுத்திவிடலாமே, பாவம் என்கிறான் என் மகன். நான் விடுவதில்லை. வாயைப் பிடித்து, தொண்டையைத் தடவி, விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் கையை எடுக்கிறேன். உன் வாயையும் இப்படிப் பிடித்திருப்பேனடி. அது தெரிந்துதானே பொய் சொன்னாய்.