ஐங்கோடன், தெல்தோட்டை மேற்காடு

மார்ச் 9, திங்கள்

விடிந்ததும் வெயில். மலையில் மூட்டம் இல்லை. இன்னும் இரண்டு நாள் இப்படியே இருந்தால் ஓடை மணல் காய்ந்து ஓரம் மட்டும் ஈரமாக நிற்கும். அதுதான் வேண்டும்.

போத்தல் முக்கால். மூன்றாம் நாள். புதனுக்குள் நிறைந்துவிடும். கல்லுப்பு இரண்டு கரண்டி போட்டேன். ஆண் வண்ணத்துப்பூச்சிக்குப் பூவைவிட மூத்திரம் ஊறிய மணலில்தான் ஆசை. யாரும் சொல்லித் தந்ததல்ல. நாற்பது வருடம் கண்ணால் பார்த்தது.

பாக்கியம்: "குடிக்கிற தண்ணிப் போத்தலுக்குப் பக்கத்துல வைக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? ஒரு நாளைக்கு மாத்தி ஊத்திக் குடுத்துருவேன், அப்பத் தெரியும்."

கல்யாணமாகி நாற்பத்தொரு வருடம். செய்யக்கூடியவள். போத்தல் இப்போது பின்வாசல் படிக்குக் கீழே.

லெக்சரர் சொன்னது இன்னும் தொண்டையில் நிற்கிறது. கம்பஸில் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்துத் தம்பி. கண்டி மலைகளில் என்னென்ன வண்ணத்துப்பூச்சி உண்டு என்று பட்டியல் போடுகிறார். இந்த மாதக் கடைசியோடு முடித்துவிடுவாராம். அதில் ஐங்கோடன் இல்லை. வெள்ளைச் செட்டை, ஐந்து கறுப்புக் கோடு, வாள் மாதிரி நீண்ட வால் இரண்டு. பெயர் நான் வைத்தது. தெல்தோட்டைக்கு மேலே, நான் வேலை செய்த தோட்டத்தின் மேற்காட்டில் உண்டு என்று சொல்லி, என்னிடமிருக்கும் ஒன்றைக் காட்டினேன்.

"வடிவாயிருக்கு ஐயா. ஆனா லேபிள் இல்லையே. எங்க, எப்ப, ஆர் பிடிச்சதெண்டு இல்லாட்டி இது சாட்சி இல்லை."

லேபிள் இருந்தது. எரிந்தது.

மார்ச் 10, செவ்வாய்

வெயில். முழங்கால் வலி, இடது.

நாளைக்கு:
வலை (கம்பு மூன்று துண்டு, கயிறு)
போத்தல்
முக்கோணக் கடதாசி ஐம்பது
ஊசி, தகர டப்பா
அட்டைக்கடிக்குச் சவர்க்காரம்
ரொட்டி, கட்டைச் சம்பல்
அடையாள அட்டை!!

பூச்சியைப் பிடித்ததும் கடதாசியை முக்கோணமாக மடித்து அதற்குள் செட்டை மூடினபடி வைக்க வேண்டும். பேப்பர் ஹனீபா நானா கடையில் வாங்கியது. கட்டுகஸ்தோட்டையில் பழைய பேப்பர் எடைக்கு விற்கிறவர் அவர்தான். "பூச்சி ஐயா வந்துட்டார், தமிழ்ப் பேப்பர எடுத்து வையுங்கோ" என்று உள்ளே சத்தம் போடுவார். மடித்துக்கொண்டே வாசிப்பேன், அதனால் தமிழ்ப் பேப்பர்தான்.

பழைய ஐங்கோடனையும் கொண்டு போகிறேன். ஈர மணலில் ஒரு செத்த பூச்சியைக் குத்தி வைத்தால், மேலே பறக்கிற அதே இனம் கூட்டாளி தண்ணீர் குடிக்கிறான் என்று நினைத்து இறங்கும். வேறு ஐங்கோடன் என்னிடம் இல்லை. இருக்கிற ஒரே சாட்சியைத் தூண்டிலில் மாட்டுகிறேன். பரவாயில்லை. சாட்சி இல்லை என்று சொல்லிவிட்டார்களே, பிறகு எதற்குப் பொத்திப் பொத்தி வைப்பது?

எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் நாங்கள் இருந்த லயத்துக்கு நெருப்பு வைத்தபோது பதினான்கு பெட்டிப் பூச்சி போனது. குறிப்புக் கொப்பி போனது. இது மட்டும் என் சட்டைப் பையில், டப்பாவில். புது லேபிள் எழுதுவதற்காக அன்று காலைதான் பழையதைக் கழற்றி மேசையில் வைத்திருந்தேன்.

அதற்கு முன்னால் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை. ஓடையில் இறங்கியது நான். அட்டை கடித்தது என் காலை. துரை கரையில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார். லேபிளில் அவர் பெயர். எல்லாம் கப்பலில் சீமைக்குப் போயிற்று. அவர் குப்பைக்கூடையில் போட்ட பழைய புத்தகத்தை எடுத்துத்தான் இங்கிலீஸ் எழுத்துப் படித்தேன். லேபிளை வாசிக்கத் தெரிந்த அன்றுதான் என் பெயர் எங்கும் இல்லை என்று தெரிந்தது.

இந்த முறை அப்படி நடக்காது.

மார்ச் 11, புதன்

எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

எட்டரைக்குப் பாதைத் தடையில் பஸ்ஸை நிறுத்தினார்கள். தை மாதம் கண்டியில் குண்டு வெடித்ததிலிருந்து கெடுபிடி கூட. எல்லோரும் இறங்கி வரிசை. என் பையைத் திறந்த சிப்பாய்க்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். "மேக மொகத, சீயா?" இது என்ன தாத்தா என்கிறான். நான் வாயைத் திறப்பதற்குள் மூடியைக் கழற்றி மூக்கில் வைத்துவிட்டான்.

"முத்ரா" என்றேன்.

யாருடையது என்றான். என்னுடையது என்றேன்.

வரிசையில் ஒரு பெண் சிரித்தாள். பிறகு எல்லோரும். அவன் மட்டும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் முக்கோணங்களைக் கண்டான். ஐம்பது மடிப்பு, எல்லாம் தமிழ் எழுத்து, மேலே தெரிந்ததில் வடக்குச் சண்டைப் படம். பேப்பரின் முன்பக்கத் தாளில் மடித்தது என் பிழை. கடிதம் கடத்துகிறேன் என்று நினைத்தான். ஒவ்வொன்றாகப் பிரித்தான். வெறுமை. வெறுமை. வெறுமை. கடைசியில், பழைய ஐங்கோடன் இருந்த மடிப்பை எடுத்தான். "மெதுவாக" என்று சிங்களத்தில் கத்தினேன். கத்தியதால் இன்னும் வேகமாக இழுத்தான்.

ஒரு செட்டை பாதையில் விழுந்தது. ஒரு வால் காற்றோடு போயிற்று.

"சமனலயா" என்றான், வண்ணத்துப்பூச்சியா என்று. வேறென்ன நினைத்தாய், தம்பி, பதினைந்து வருடத்துக்கு முன்னால் நெருப்புக்கே தப்பியது இது என்று அவன் பாஷையிலேயே சொன்னேன். போ சீயா என்று கையைக் காட்டினான்.

திரும்பவில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறி மேற்காட்டுக்கே போனேன். போத்தலை ஊற்றினேன். நீலக்கறுப்பன் ஏழு, மஞ்சள் சிறுசு கணக்கில்லை. ஐங்கோடன் ஒன்று மேலே சுற்றியது, என் தலைக்கு மேல் இரண்டு ஆள் உயரத்தில். கீழே கூட்டாளி இல்லை. இறங்கவில்லை. ஒரு மணிக்கு மழை.

ஆனால் கண்டேன். இருக்கிறது.

மார்ச் 12, வியாழன்

மழை, பகல் முழுக்க. காய்ச்சல் மாதிரி.

ஹனீபா நானா விஷயம் கேள்விப்பட்டிருக்கிறார். போத்தல் கதை கடைத்தெரு முழுக்கப் பரவிவிட்டது. "பூச்சி ஐயா, இங்கிலீஸ் பேப்பரும் ஈக்கிது. அதுல மடிச்சிட்டுப் போங்கோ, ஒருத்தனும் தொறந்து பாக்க மாட்டான்."

நல்ல மனதோடு சொல்கிறார். தெரியும். இருந்தாலும் வேண்டாம் என்றேன். பூச்சியைச் சுற்றுகிற பேப்பருக்கும் பயந்தால் பிறகு வாயையும் இங்கிலீஸ் பேப்பரில் சுற்ற வேண்டியதுதான்.

"ஐயாக்குப் பிடிவாதம்" என்றார்.

ஆமாம் என்றேன்.

மார்ச் 13, வெள்ளி

செட்டையைச் சோற்றுப் பசையால் ஒட்டினேன். நின்றது. போன வாலுக்கு என்ன செய்வது?

பாக்கியம் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "சாட்சிக்கு வாலு இல்லன்னா கேஸ் நிக்காதா?"

"இது சாட்சி இல்லை. இது இப்போது தூண்டில்."

"அப்ப தாளுல வெட்டி ஒட்டுனாப் பத்தாதா? மேல பறக்கற பூச்சி கண்ணாடி போட்டுக்கிட்டா பாக்கப் போவுது?"

பேப்பரின் வெள்ளை ஓரத்தை எடுத்து, தன் சின்னக் கத்திரியால் அவளே வெட்டினாள். ஒரே வெட்டு. வளைவு அச்சாக வந்தது. மை போட்டது நான். இத்தனை வருடத்தில் என் பூச்சிகளில் ஒன்றை அவள் கையால் தொட்டது இதுதான் முதல் தடவை. சொன்னால் தொடமாட்டாள், ஆகவே சொல்லவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

வெயில் திரும்பிவிட்டது. லெக்சரர் வந்தார், கையில் பிஸ்கட். பாதைத் தடைக் கதையைக் கேட்டுக் கவலைப்பட்டார். தனக்கும் அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று இருப்பதால் வாரத்துக்கு மூன்று தடவை பை பிரித்துக் காட்டுகிறாராம். அந்த ஒரு நிமிடம் அவரைப் பிடித்திருந்தது.

பிறகு கேட்டேன். நான் பிடித்தால் லேபிளில் யார் பெயர்?

"ஐயா, வழமையா டிப்பார்ட்மென்ற் பேர்தான் போடுறது. உங்கட உதவிக்குப் புத்தகத்தின்ரை கடைசியில நன்றி எண்டு போடுவம்."

உதவி!

பட்டியல் உங்களுடையது, வைத்துக்கொள்ளுங்கள், பிடித்தவன் பெயர் பிடித்தவனுடையது என்றேன். பிடித்தவன் பெயரை எழுதத்தானே லேபிள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள் என்றேன்.

"நான் உங்கட பேர் வேண்டாமெண்டு சொல்லேல்லை ஐயா. மேலிடத்தில கேப்பினம், இவர் ஆர், என்ன படிச்சவர் எண்டு."

"ஓடையில் படித்தவர் என்று சொல்லுங்கள்."

தேத்தண்ணீரைக் குடிக்காமல் போனார். பிஸ்கட்டை வைத்துவிட்டுப் போனார். பாக்கியம் அதற்கும் என்னைத்தான் ஏசினாள்.

மார்ச் 17, செவ்வாய்

பிடித்தேன்.

ஒழுங்காக எழுத வேண்டும். காலையில் தடையில் வேறு சிப்பாய், பையை அழுத்திப் பார்த்துவிட்டு விட்டான். ஒன்பதே முக்காலுக்கு ஓடை. வளைவுக்குக் கீழே உள்ள மணல். பாதிப் போத்தலை ஊற்றினேன். தாள் வால் ஐங்கோடனை ஈரத்தின் நடுவில் குத்தினேன். ஏழடி பின்னால், கல்லோடு கல்லாக உட்கார்ந்தேன். காலில் அட்டை நான்கு. அசையவில்லை.

பத்தரை: நீலக்கறுப்பன்கள்.
பதினொன்று: மேலே வெள்ளையாக ஒன்று. போய்விட்டது.
பதினொன்று இருபது: திரும்பி வந்தது. தாள் வாலைச் சுற்றி மூன்று வட்டம். பக்கத்தில் இறங்கியது. செட்டை நடுங்கிற்று. உறிஞ்சு குழலை நீட்டி மணலில் வைத்தது. குடிக்கத் தொடங்கினால் உலகத்தை மறந்துவிடும், அதற்காக எண்ணினேன், இருபது வரை. முழங்கால் கெஞ்சியது. வலையைப் போட்டேன்.

பூச்சியின் நெஞ்சில் விரலால் ஒரே அழுத்து, அடங்கிற்று. ஐந்து கோடு. வால் இரண்டு, இரண்டும் அதனுடையவை.

தமிழ்ப் பேப்பரில் மடித்தேன். முன்பக்கத் தாளில், வேண்டுமென்றே.

திரும்பும்போது தடையில் புதன்கிழமைச் சிப்பாய். போத்தலைக் கண்டதும் முகத்தைத் திருப்பினான். முக்கோணத்தைக் கண்டதும் கையை நீட்டினான். கொடுக்கவில்லை. நான் பிரிப்பேன், நீ பார் என்றேன். அவன் தோளில் தொங்கிய துவக்குக்கு முன்னால் அப்படிச் சொன்னது என் வாய்தானா என்று எனக்கே சந்தேகம். மணல் மூட்டையின் மேல் வைத்து, ஒவ்வொரு மடிப்பாகத் திறந்தேன். குனிந்தான். தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். கோடுகளை எண்ணினான், உதடு அசைந்தது. பஹ. ஐந்து.

நான் திரும்ப மடிக்கும்வரை அவன் பஸ்ஸைப் போகவிடவில்லை. நன்றி சொல்லவில்லை நான். அவன் பிய்த்த செட்டை பிய்ந்ததுதான்.

மார்ச் 18, புதன்

செட்டை விரித்துப் பலகையில் குத்தியாயிற்று. நான்கு நாள் காய வேண்டும். எறும்பு ஏறாமலிருக்க மேசைக் கால்களின் கீழ் தண்ணீர்ச் சிரட்டை.

லேபிள் எழுதினேன். பெருவிரல் நகம் அளவு. நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். ஐந்தாவது சரி.

தெல்தோட்டை மேற்காடு, ஓடை
மார்ச் 17, 1998
பிடித்தவர் கா. வீரமுத்து

தமிழில். ஊசியில் பூச்சிக்குக் கீழே லேபிளை ஏற்றி, நடுவில் ஒரு துளி கோந்து. சாதாரணமாகக் கோந்து போடுவதில்லை, லேபிள் கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்பார்கள். கழற்றி மாற்றக்கூடிய லேபிளால் எனக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 22, ஞாயிறு

மூட்டம். தூறல்.

லெக்சரருக்கு ஆள் அனுப்பினேன். வந்தார். பெட்டியைத் திறந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டார். "தெல்தோட்டையிலயோ!" என்றார், தனக்குத்தானே.

பிறகு லேபிளைக் கண்டார். விரலால் மெல்ல அசைத்துப் பார்த்தார்.

"கோந்தோ ஐயா?"

"இழுத்தால் பூச்சி உடையும்."

அடுப்படியிலிருந்து பாக்கியம்: "தம்பி, அவரு கழட்ட விடமாட்டாரு. நீங்க டீயக் குடிங்க, இன்னிக்காவது."

சிரித்துவிட்டார். குடித்தார். பையிலிருந்து சின்னப் பேனாவையும் வெள்ளைக் கடதாசியையும் எடுத்தார். "மேலிடத்தில ஆரும் கேட்டா?"

"இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்."

"ஓம்" என்றார். பேனா மூடியைக் கழற்றினார். "உங்கட பேர இங்கிலீஸில எப்பிடி எழுதுறனீங்கள்?"

எழுத்தெழுத்தாகச் சொன்னேன். இங்கிலீஸில் இடம், தேதி, என் பெயர். டிப்பார்ட்மென்ற் பெயர் எழுதவில்லை. மூன்று தடவை வாசித்துப் பார்த்தேன். பிழை இல்லை.

ஊசியில் கீழே இடம் இருந்தது. அவர் எழுதிய லேபிள் அங்கே போயிற்று. என்னுடையது மேலே.